ஹோம் என்று சொன்னேன்

"ஓம் பிள்ளை, ஏழு கடிதமும் என்னட்டைத்தான் இருக்கு. முதல்லை தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறினால் நல்லாயிராது."

நீங்கள் கேட்க முன்னமே நான் சொல்லிவிடுகிறேன், சயந்தினி. விசாரித்து வரும்படி கவுன்சில் உங்களை அனுப்பியதில் எனக்குக் கோபமில்லை. டயனாவிலும் இல்லை. அண்ணையை வைத்துப் பராமரிக்கிற முதியோர் ஹோமில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமிழ்ப்பிள்ளை. அண்ணை சொன்னது அவளுக்கு விளங்கியது, உங்களுக்கு அறிவித்துவிட்டாள். அது அவளுடைய கடமை.

எழுதும்போது பரமேஸ்வரனைக் கெட்ட அண்ணன் என்று எழுதிவிடாதீர்கள். ஒருநாளும் என்மேல் கை வைத்ததில்லை. ஏஜென்சிக்காரனைப் பிடித்து என்னை லண்டனுக்கு எடுத்தவரே அவர்தான். செவன் கிங்ஸில் இந்த வீட்டில் இருபத்தாறு வருடம் ஒன்றாக இருந்தோம். அவர் கூப்பிடுவார், அவ்வளவுதான்.

"தவமலர், கண்ணாடி எங்கை? தவமலர், யன்னலைச் சாத்து. இஞ்சை வா, இவன் டிவியிலை அளக்கிற கதையைக் கேள்."

நான் குளித்துக்கொண்டிருந்தாலும் கூப்பிடுவார்.

போன வருடம் மாசியில் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. ஆங்கிலமும் போய்விட்டது, தமிழ் மிஞ்சியது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஹோமுக்கு அனுப்பினார்கள். அன்று எனக்கு நாலு மணிக்குப் பசித்தது. நாலு மணிக்கே சாப்பிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. அதை உங்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வரவேண்டும் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். நாளுக்கு இரண்டு தரம்தான் பராமரிக்க ஆள் அனுப்பலாம் என்றது கவுன்சில். அது காணாது என்று பிசியோதெரபிக்காரி விடாமல் எழுதிச் சண்டை பிடித்தாள். வைகாசியில் கவுன்சில் இறங்கி வந்தது. நாலு தரம், இரண்டிரண்டு பேராக வருவார்கள். முன்னறையில் கட்டில், ஆளைத் தூக்குகிற மெஷின், எல்லாம் தருவார்கள். பிறகு உங்களுக்கென்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். வந்தவர்கள் போன பிறகு அவர் யாரைக் கூப்பிடுவார்?

எஞ்சியிருந்தது அவருடைய விருப்பத்தைக் கேட்டுப் பதிவது மட்டும். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, நானே சொல்வேன் என்றேன். எங்கே இருக்க விருப்பம் என்று சோஷல் வேர்க்கர் கேட்டாள்.

"வீட்டை இருக்கத்தான் விருப்பம்," என்றார் அண்ணை. "என்ரை வீட்டை."

அவருக்கு ஹோமில் இருக்கத்தான் விருப்பமாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வீட்டுக்கும் ஹோம், அந்த இடத்துக்கும் ஹோம். முன்னால் 'த' என்று ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்தேன், வேறொன்றுமில்லை. இந்த ஹோமிலா என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஆமென்று தலையசைத்தேன்.

அண்ணையிடம் மிஞ்சியிருந்த ஐந்தாறு ஆங்கிலச் சொற்களில் ஹோமும் ஒன்று. "ஹோம், ஹோம்," என்று சிரித்துக்கொண்டே இடக்கையால் அவளுடைய கையைப் பிடித்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபைலை மூடினாள்.

கவுன்சில் மறுத்துவிட்டது என்று அண்ணையிடம் சொன்னேன்.

"மாட்டம் எண்டு சொல்லிப்போட்டாங்களோ? ஆரோடை விளையாடுறாங்கள்? பேப்பரை எடு. எழுது."

ஞாயிறுகளில் அவர் சொல்லச் சொல்லக் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினேன். இடக்கையால் கோணல்மாணலாக ஒப்பமிடுவார். முதற் கடிதத்தில் மரியாதை கூடிப்போய்விட்டதாம். "இன்னும் கொஞ்சம் உறைப்பாய் எழுது. நீ எப்பவும் பயந்தாங்கொள்ளி," என்றார். இருவரும் சிரித்தோம். ஏழு கடிதத்தையும் கொண்டுவந்து இந்த மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். ஒன்றையாவது கிழித்தெறியவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில், இதுதான் கடைசி முடிவாம் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர் பிசியோதெரபிக்கு எழும்பவில்லை. "எழும்பி எங்கை போக?" என்றார். இப்போது கதிரையில் இருத்தினாலும் ஒரு பக்கம் சரிந்துவிடுகிறார். இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று டொக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் நான் சொன்னது பொய்யாகிவிடவில்லை. கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன்.

செய்தது நான்தான். பயத்திலும் செய்யவில்லை, குழப்பத்திலும் செய்யவில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை. அண்ணையை நினைத்துத்தான் ஒன்று கேட்கிறேன்.

"நாளைக்கு நீங்கள் அவரிட்டைப் போகேக்கை, கவுன்சில்தான் மறுத்தது எண்டே சொல்லுங்கோ. பாவம், அந்த மனுசனுக்கு என்னை விட்டால் ஆர் இருக்கினம்? சொல்லுவியள்தானே, பிள்ளை?"