சத்தம் நின்ற கை

முன் சீட்டில் ஒரு பெண், கழுத்தில் பெரிய பிளாஸ்திரி. பக்கத்தில் அவள் புருஷன். எதிர் சீட்டில் ஒரு பூக்கார அம்மா. பின்னால் நான். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்.

அந்தப் பெண் இடது மணிக்கட்டைக் காதில் வைத்துக் கேட்டாள். "செத்துப்போச்சு" என்றாள்.

"இன்னாம்மா செத்துப்போச்சு?" என்றாள் பூக்கார அம்மா.

"டயாலிசிஸுக்காக ஆபரேஷன் பண்ணி இந்த நரம்பப் பெருசாக்கி வெச்சாங்க. காதுல வெச்சா மோட்டார் மாதிரி ஓடும். டயாலிசிஸ் தவிர வேற ஊசி இதுல குத்தக் கூடாதுன்னாங்க. போன வாரம் ஜுரம். ஊர் கிளினிக்ல டிரிப்ஸ் போடறப்ப, இதோ பக்கத்துல உக்காந்திருக்காரே எங்க வூட்டு டாக்டரு, இவரு இதையே காட்டி, இதுல போடுங்கன்னாரு. அடைச்சிக்கிச்சு."

"நீ சொல்றதுதான?"

"ஜுரத்துல எனக்கு நெனப்பே இல்லக்கா. இப்ப கழுத்துல டியூப்பு. வலது கையில பண்ணலாம்னா நரம்பு சரியில்லையாம்."

புருஷன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னான். "மொதல்ல வலது கையிலதான் குத்தினாங்க. நரம்பே கிடைக்கல. இவ கத்திக்கினே கீறா. என்னால பாக்க முடியல."

"எத்தினி வாட்டி குத்தினாங்க?"

"நாலு."