எச்சில் படாத வெள்ளைச் சட்டைகள்

வெள்ளைச் சட்டை தேய்ப்பது லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள், ஐயா. ஒரு துளி ஈரம் பட்டுக் காய்ந்தால் போதும், மஞ்சள் வளையம் விழுந்துவிடும். என் சலவைக்கடையில் இருபது வருடமாக அப்படி ஒன்று விழுந்ததில்லை, என் தம்பி துணி மடிக்க வந்து உட்காரும்வரை.

அவனுக்குக் காதில் யார் யாரோ பேசுவார்கள். பழைய மாத்திரையில் வாய் வறண்டு, குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். புது மாத்திரையில் பேச்சுக் குரல் நின்றது, வாய் ஒழுக ஆரம்பித்தது. முப்பத்தாறு வயதுக்காரன், கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருப்பான். வெட்கம் மருந்துக்கும் கிடையாது.

வாடிக்கையாளர்கள் இன்னொரு ரகம். "பாவம், தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று உருகுவார்கள். கண் மட்டும் தங்கள் சட்டைக் காலரில் இருக்கும்.

"இப்பல்லாம் என்னை யாரும் திட்டுறதில்லண்ணே," என்றான் ஒருநாள். நான் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

எச்சில் கூடுவது அந்த மாத்திரையின் குணம் என்றார் டாக்டர். "தூங்கும்போது ரொம்ப வரும். ஒருக்களிச்சே படுக்க வைங்க. மல்லாக்கப் படுத்தா நுரையீரலுக்குள்ள எறங்கிடும்." என்னையும் அவனைப் போல நினைத்து இரண்டு முறை சொன்னார்.

மதியம் சாப்பிட்டதும் பின்னறையில், தேய்த்த துணி அடுக்கின் பக்கமாகத் திரும்பித் தூங்குவான். ஒருநாள் ஒரே வீட்டுச் சட்டை பத்து நனைந்துபோயின. மறுநாளிலிருந்து அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் அழுக்குத்துணி மூட்டைகளை அணைகொடுத்தேன். தலையணை காய்ந்தே இருந்தது. எச்சில் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் இருமல். ஆறாம் நாள் காய்ச்சல். "மூச்சு முட்டுதுண்ணே. கொஞ்சம் திரும்பிப் படுத்துக்கிறேனே."

"அசையாம கெட. சட்டையெல்லாம் இருக்கு," என்றேன். மூட்டைக்கு மேல் இன்னொரு மூட்டை வைத்தேன்.

எட்டாம் நாள் அவன் தொண்டையில் களகளவென்று சத்தம். எனக்கு ஆறு சட்டை பாக்கி இருந்தது. தேய்த்து முடிப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. மூட்டைகளை எடுத்தேன், அவன் முகத்தைத் துடைத்தேன், தலையைச் சீவினேன். பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நாலு பேர் வந்து பார்த்தபோது அவன் எவ்வளவு சுத்தமாக இருந்தான்! எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர வேறு யார் அவனை அப்படிக் கவனித்துக்கொண்டிருப்பார்கள், சொல்லுங்கள்.