வெள்ளைக் கம்பத்தருகே ஏன் இன்ஜினை நிறுத்துகிறோம்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவி அவர்களே, அவருக்கு அருகில் அமர்ந்து கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர்களே, ஆயிரம் வேலைகளை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் துறைச் சுவரில் காலைத் தொங்கப்போட்டு அமர்ந்திருக்கும் என் பழைய மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

பின்னால் யாரோ "சத்தமாப் பேசுங்க சார்" என்கிறார்கள். குரலைப் பார்த்தால் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. அன்றைக்கு நீ பேசியதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்றைக்காவது கேள்.

நண்பர்களே, நாம் கூடியிருப்பது எதற்காக? வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, இதோ பின்னால் இருக்கும் பழைய பண்டகசாலையில், அதிகாரிகள் நம்மிடம் கருத்துக் கேட்கப்போகிறார்கள். ஆறு அகன்று கடலைத் தொடும் இந்தக் கரையில், நம் கல்துறையை இடித்துவிட்டு, விரைவுப் படகுகளுக்குக் கான்கிரீட் இறங்குதளம் கட்டத் திட்டம். திட்டத்தை நியாயப்படுத்தும் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. படிக்கிறேன்: "இங்கே பழைய கற்சுவர் ஒன்று உண்டு. அதற்குச் சிறப்பு ஏதும் இல்லை என உள்ளூர் மக்களே தெரிவித்தனர்."

உள்ளூர் மக்களே தெரிவித்தனர். யார் அந்த உள்ளூர் மக்கள்? பகைவர்களா? பக்கத்து ஊர்க்காரர்களா? இல்லை, தாய்மார்களே. நாம்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த அறிக்கைக்காக ஒரு பெண் அதிகாரி குறிப்பேடும் கையுமாக வந்தார். பதினான்கு பேரிடம் கேட்டார். டீக்கடை அக்காவிடம், "இந்த ஊர்ல என்னம்மா விசேஷம்?" என்று கேட்டார். அக்கா என்ன சொன்னார்?

"டீ நல்லா இருக்கும். வேற ஒண்ணும் இல்லீங்க."

சிரிக்காதீர்கள். வலை பின்னுகிற அண்ணன் என்ன சொன்னார்? "மீன் கிடைச்சா இருக்கும், கிடைக்கலேன்னா இல்ல." இரும்பு வளையங்கள் இருபத்துமூன்று அந்தச் சுவரில் இருக்கின்றன. பாய்மரக் கப்பல்களைக் கட்டிய வளையங்கள். கயிறு உரசி உரசிக் கல்லில் விழுந்த பள்ளத்தில் நம் விரல் முழுதாகப் படிகிறது. அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் அண்ணன் அந்தப் பதிலைச் சொன்னார்.

அக்கா எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அக்கா.

"எங்களையே சொல்றீங்களே வாத்தியாரே, உங்ககிட்டயும்தானே கேட்டாங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

கேட்டுவிட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பதினான்கு பேரில் நானும் ஒருவன். நான் சொன்னேன்: "வயசான ஊரும்மா. எங்களை மாதிரி." நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் "விடையை முழுமையாக எழுது" என்று பிள்ளைகளின் காதைத் திருகியவன், எனக்கு வந்த ஒரே தேர்வில் தோற்றேன்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று படகிலேயே நடந்தது. அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

அந்த அம்மா வந்த படகு, துறைக்கு நூறு கஜம் முன்னால், வெள்ளைக் கம்பத்தருகே இன்ஜினை நிறுத்தியது. பயந்துபோய், "டீசல் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டிருக்கிறார். நம் படகுக்காரத் தம்பி, "சும்மாதாங்க" என்றிருக்கிறார். துடுப்பை எடுத்து மெல்லத் தள்ளிக் கரை சேர்த்திருக்கிறார்.

சும்மாவா நிறுத்துகிறோம்? முப்பத்தொரு படகுகள், மழையானாலும் வெயிலானாலும், வயிறு பசித்தாலும் வலை கனத்தாலும், அந்தக் கம்பத்தருகே சும்மாவா நிற்கின்றன? நம் சுவர் சாந்து பூசாமல் கல்மேல் கல்லாய் அடுக்கியது. இன்ஜின் கிளப்பும் அலை இடுக்கில் புகுந்தால் கல் அசையும். அதனால் நிறுத்துகிறோம். அறிவிப்புப் பலகை உண்டா? அபராதம் உண்டா? காவலுக்கு ஆள் உண்டா? எதுவும் இல்லை. ஆனாலும் நிறுத்துகிறோம்.

வெளியூரார் வந்து, "எவ்வளவு அமைதியான இடம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அமைதி என்ன, ஆற்றோடு அடித்துக்கொண்டு வந்ததா? ஆகாயத்திலிருந்து விழுந்ததா? ஒவ்வொரு கையும் ஒவ்வொரு நாளும் உழைத்து உண்டாக்கியது அது. நம் உழைப்பை நாமே சும்மா என்று சொன்னால், இடிக்க வருகிறவரை எந்த வாயால் குறை சொல்வோம்?

படகுக்காரத் தம்பி, ஏன்ப்பா அப்படிச் சொன்னாய்?

"அவங்க அவசரத்துல இருந்தாங்க சார். கதை சொல்ல ஆரம்பிச்சா, இவன் என்னடா பெருமை பீத்துறான்னு நினைப்பாங்கல்ல?"

இதுதான். இந்தக் கூச்சம்தான் நம் குணம். இந்தக் கூச்சம்தான் இன்று நம் துறைக்குக் குழி தோண்டுகிறது.

விரைவுப் படகு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிரசவத்துக்கும் அவசர வைத்தியத்துக்கும் அது வேண்டும். ஆற்றின் கீழ்வளைவில் நம் ஆட்கள் கயிறு விட்டு ஆழம் பார்த்திருக்கிறார்கள். இங்கிருப்பதைவிட அங்கே இரண்டு ஆள் ஆழம் கூடுதல். இறங்குதளம் அங்கே வரட்டும். கல்துறை இங்கே நிற்கட்டும். இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டாம், கோபித்துக் கேட்க வேண்டாம். தெரிந்ததைச் சொல்லிக் கேட்போம்.

வியாழக்கிழமை அந்த அம்மாவை அழைத்துவரப்போவதும் நம் தம்பியின் படகுதான். வெள்ளைக் கம்பத்தருகே இன்ஜின் நிற்கும். அவர் மறுபடி கேட்கலாம். எழுந்து நில் தம்பி. நான்தான் அந்த அதிகாரி என்று வைத்துக்கொள். ஏன் நிறுத்தினாய்?

"அலை போனா கல்லு அசையுங்க. எங்கப்பா நிறுத்தினாரு. அவங்கப்பா துடுப்புதான் போட்டாரு, அவருக்கு நிறுத்த இன்ஜினே இல்ல. நான் நிறுத்துறேன். அந்தச் சுவரு எங்க வேலைங்க."

கேட்டீர்களா? கைதட்ட வேண்டாம். மனப்பாடமும் செய்ய வேண்டாம். அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் வாயால் சொல்லுங்கள். வியாழக்கிழமை அந்தக் குறிப்பேட்டில் இடம் போதாமல் அவர் இன்னொன்று வாங்க வேண்டும்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், குறுக்கே கேட்டு என்னைத் திருத்திய அக்காவுக்கும் என் நன்றி. பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பதரைக்கே வாருங்கள். படகில் வருகிறவர்களிடம் கம்பத்தருகே நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. ஏன் நிறுத்தினோம் என்பதை மட்டும் கரையேறிச் சொல்லுங்கள். வணக்கம்.