மாரென் எப்படி இருக்கா?

—மெனு எங்கயும் ஓடிப் போகாது மேடம், அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல பையனா பொண்ணா, அதைச் சொல்லுங்க.

—பொண்ணு, அரசெலி.

—என் தாயே. நான் சொன்னேன்ல? சமையல்கட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன், மாரெனுக்குப் பொண்ணுதான் பொறக்கும்னு. சார், கையைக் குடுங்க. தாத்தா ஆயிட்டீங்க.

—ம். தேங்க்ஸ் அரசெலி.

—என்ன சார், குரலே வரலை?

—வெண்டல் எப்பவும் இப்படித்தானே. சந்தோஷம் வந்தா வாய் அடைச்சுக்கும் இவருக்கு.

—சுகப்பிரசவம்தானே மேடம்? போன தடவை வந்தப்போ டாக்டர் என்னவோ பயமுறுத்தறார்னு சொன்னீங்களே, அன்னையிலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல.

—கொஞ்சம் கஷ்டப்பட்டா. இப்ப ரெண்டு பேருமே நல்லா இருக்காங்க.

—அது போதும். இப்ப சொல்லலாம், சொன்னா என்ன. அன்னைக்கு வேலை முடிஞ்சு நேரா எங்க மாதா கோயிலுக்குப் போயி ஒரு வேண்டுதல் வச்சேன். மாரென் நல்லபடியா பெத்துப் பொழைக்கிற வரைக்கும் இனிப்பு வாயில வைக்கறதில்லன்னு.

—அன்னையிலேர்ந்தா?

—அன்னையிலேர்ந்து சார். காப்பியில சர்க்கரைகூட இல்ல. என் பேரன் பிறந்தநாளுக்கு கேக் வெட்டறாங்க, நான் எட்ட நின்னு கை தட்டறேன். மருமக முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா, அவ பண்ணின கேக்கு வேற. நான் காரணம் சொல்லலை. சொன்னா வேண்டுதல் பலிக்காதுல்ல.

—நீங்க எதுக்கு... இல்ல, நான் என்ன சொல்றேன்னா, எங்களுக்காக நீங்க எதுக்கு இதெல்லாம்...

—உங்களுக்காக யாரு வச்சா? மாரெனுக்காக. இந்த கிளப் மாடிக்குச் சாப்பிட வர்ற மெம்பருங்க பிள்ளைங்க ஒண்ணாவது என்னை நிமிர்ந்து பாத்திருக்குமா? இவ ஏழு வயசுல, முதல் தடவை வந்த அன்னைக்கே, உன் பேரை எப்படி எழுதணும்னு கேட்டு கைத்துணியில எழுதிப் பாத்தவ. துணி பாழாப்போச்சு, நான் அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். சரி, அந்த மூலை டேபிள்ல கையைத் தூக்கறாங்க, சூப் எடுத்துட்டு வந்துடறேன். மேடம், குழந்தை போட்டோ இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

—இருக்கு. நீ போயிட்டு வா, காட்டறேன்.

—பெவ்.

—கீழ ஊர்வலம் ஆரம்பிச்சாச்சு பாரு. அந்த டிரம் அடிக்கிற பையன் இந்த வருஷமும் தாளம் தப்பறான்.

—பெவ், அரசெலி போயாச்சு. போட்டோ இருக்குன்னு சொன்னியே, யாரோட போட்டோ?

—ரொட்டியை எடு, ஆறிடும்.

—யார் குழந்தையோட போட்டோவைக் கொண்டு வந்திருக்க? உன் தங்கச்சி பேத்தியா?

—ஜேனட் பேத்தியை நான் எதுக்குக் கொண்டு வர்றேன்.

—காட்டு. போனைக் குடு.

—பறிக்காத. இந்தா.

—இது... இது நம்ம பழைய வீடு. இந்தப் பச்சை சோபா. பெவ், இது மாரென்.

—வேற யாருன்னு நினைச்ச? ஆல்பத்துலேர்ந்து எடுத்தேன். பழுப்பு தெரியாம இருக்க வெளிச்சம் கூட்டினேன். சோபாவை வெட்டிடலாம்னு பாத்தேன், அவ காலும் சேர்ந்து போகுது. மனசு வரலை.

—மாரென் படத்தையே காட்டி, மாரெனோட குழந்தைன்னு சொல்லப் போறியா?

—ஊரான் குழந்தையைக் காட்டினா உனக்குப் பரவாயில்லையா?

—மாரென் குழந்தை பெக்கலை பெவ். அவ பத்தொன்பது வயசே பாக்கலை. அந்த ஆகஸ்ட்ல பிக் பேர் மலையிலேர்ந்து வர்றப்போ அந்தக் கார்...

—குரலைத் தாழ்த்து.

—தாழ்த்தித்தான் பேசறேன். இத்தனை வருஷமா தாழ்த்தித்தான் பேசிட்டு இருக்கேன்.

—உனக்கு என்ன வந்துச்சு திடீர்னு? போன தடவை நல்லாத்தானே இருந்த.

—போன தடவை அந்த அம்மா பட்டினி கிடக்கலை.

—பட்டினியா? சர்க்கரை போடலை, அவ்வளவுதான். உடம்புக்கு நல்லதுதான்.

—அப்படிப் பேசாத. நீ அப்படிப்பட்டவ இல்ல.

—...சரி. தப்பாச் சொல்லிட்டேன். விடு.

—ஒரு வார்த்தையில ஆரம்பிச்சது பெவ் இது. அந்த கிறிஸ்துமஸ் சமயம். யாரும் இல்லாத வீட்டுல இருக்க முடியாம இங்க வந்தோம். அரசெலி வந்து, காலேஜ் எப்படிப் போகுது மாரெனுக்குன்னு கேட்டாங்க. நான் சொல்ல வாயைத் திறக்கறேன், நீ முந்திக்கிட்ட.

—நல்லாப் போகுது, ஹாஸ்டல் சாப்பாடுதான் பிடிக்கலைன்னு சொன்னேன். அதுல என்ன? உண்மையிலேயே அவளுக்குப் பிடிச்சிருக்காது. உனக்குத் தெரியாதா அவ நாக்கு?

—தெரியும்.

—பெரிய யோக்கியன் மாதிரி பேசற. மிருக டாக்டர் ஆயிட்டான்னு சொன்னது யாரு? நானா? நான் ஒண்ணுமே சொல்லலை. நீதான் சூப்பைக் குடிச்சுக்கிட்டே, கடல் சிங்கத்துக்கு மருந்து போடறா, கையெல்லாம் கடின்னு ஆரம்பிச்ச. நானே பிரமிச்சுப்போயிட்டேன்.

—ஆமா. நான்தான் சொன்னேன்.

—அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் நீ சிரிச்சுக்கிட்டே வண்டி ஓட்டின.

—ஆமா பெவ். அதனாலதான் சொல்றேன், போதும்.

—என்ன போதும்?

—மார்ச்ல டென்வர் போனேன்ல? விமானத்துல பக்கத்து சீட்டுக்காரர் போனை நீட்டி, பேத்தி படம்னு காட்டினாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்கும் வரப்போகுது, பொண்ணு மாசமா இருக்கான்னு சொன்னேன். பொய் சொல்றோம்னே தெரியலை எனக்கு. தொட்டில் எங்க வைக்கிறது, உன் தையல் மெஷினை எங்க நகத்தறதுன்னு யோசிக்கிறேன். விமானம் இறங்கிச்சு. பெட்டியை எடுக்க நிக்கறப்போ ஞாபகம் வந்தது.

—என்கிட்ட நீ சொல்லவே இல்லையே.

—என்னன்னு சொல்றது? அங்கயே பெட்டி மேல உக்காந்துட்டேன். யாரோ ஒரு பொண்ணு தண்ணி வாங்கிக் குடுத்தா.

—வெண்டல்.

—மெம்பர்ஷிப்பை விட்டுடலாம் பெவ். இந்த மாடியும் வேண்டாம், இந்த ஜன்னலும் வேண்டாம். நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன். வரிசையில எத்தனையோ பேர் காத்துக்கிட்டிருக்காங்க.

—நாமளும்தான் காத்துக்கிட்டிருந்தோம். கல்யாணம் ஆன வருஷம் பேர் குடுத்தோம், அவ ரெண்டாவது படிக்கிறப்போ கூப்பிட்டாங்க. இப்ப சும்மா விட்டுடணுமா?

—இடத்துக்காகவா பிடிச்சுத் தொங்கற? சொல்லு.

—இல்ல.

—பின்ன எதுக்கு?

—பாரு, வெளிய என்னைப் பாத்தா ஜனங்க என்ன பண்றாங்க தெரியுமா உனக்கு? கடையில எதிர்ல வர்றவ தலையை இப்படிச் சாய்ச்சுக்கறா. சர்ச்சுல கையைப் பிடிச்சு அழுத்தறாங்க, பேச மாட்டாங்க. ஜேனட், என் கூடப்பொறந்தவ, அவ வாயிலேர்ந்து மாரென்னு ஒரு வார்த்தை வந்து எத்தனை வருஷம் ஆச்சு. நான் அந்தப் பேரைச் சொன்னா டீ போடறேன்னு எழுந்து உள்ள போயிடறா. நீயும்தான்.

—நானா?

—நீயும்தான். வீட்டுல என்னைக்காவது அவளைப் பத்திப் பேசியிருக்கியா? இங்கதான் பேசற. நான் இங்க வர்றது அரசெலிக்காக மட்டும்னா நினைச்ச? உன் வாயால அவளைப் பத்திக் கேக்கலாம்னுதான் வர்றேன்.

—அது எனக்குத் தெரியாது பெவ்.

—இந்த ஊர்ல என் பொண்ணு எப்படி இருக்கான்னு சாதாரணமா, மத்த அம்மாக்கள்கிட்ட கேக்கற மாதிரி கேக்கற ஒரே ஆள் இவதான். மாரென் எப்படி இருக்கா மேடம்? அவ்வளவுதான். அது காதுல விழணும்னு நாலு மாசம் காத்துக்கிட்டிருப்பேன்.

—சரி. ஆனா அந்த அம்மா நம்பறாங்களே. முழங்கால் போட்டு வேண்டிக்கறாங்களே. அதை என்ன பண்றது?

—எனக்குத் தெரியலை.

—இன்னைக்குச் சொல்லிடலாம்.

—முடியாது.

—நீ சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்.

—நீ சொன்னா நான் எழுந்து போயிடுவேன் வெண்டல். சத்தியமா போயிடுவேன். வேணும்னா அடுத்த தடவை பாத்துக்கலாம். இந்த ஒரு தடவை படத்தைக் காட்டிடறேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவ முகத்தைப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லட்டும்.

—பெவ்...

—வர்றா, வர்றா. கண்ணைத் துடைச்சுக்கோ.

—மன்னிக்கணும், சமையல்கட்டுல கூட்டம். சார், இது உங்க சூப். மேடம், தட்டு சூடு, தொடாதீங்க. ம், எங்க என் குட்டி?

—இந்தா.

—கண்ணாடி போட்டுக்கறேன், இருங்க. அட... அப்படியே அவளைப் பாரேன். அந்தப் புருவம். கோபக்காரி புருவம். அவ அம்மாவை உரிச்சு வச்சிருக்கு மேடம், அச்சு மாரென்தான்.

—ஆமா.

—அழுங்க மேடம், அழுங்க. பேத்தி மேல வர்ற அழுகை அது, எனக்கும் வந்துச்சு. இன்னைக்கு நான் ஒண்ணு சொல்லியாகணும். இத்தனை வருஷம் அடக்கி வச்சிருந்தேன், மாரெனுக்கு வாக்குக் குடுத்திருந்தேன்.

—மாரெனுக்கா? என்ன வாக்கு?

—பயப்படாதீங்க சார், நல்ல விஷயம்தான். பள்ளிக்கூடம் முடிச்சுட்டு உங்களோட கடைசியா வந்தாள்ல, அந்தக் கோடையில? நீங்க ரெண்டு பேரும் ஜன்னல்கிட்ட நின்னு படகைப் பாத்துக்கிட்டிருந்தீங்க. அவ என் ஏப்ரனைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா, தட்டு அடுக்கற மூலைக்கு. அரசெலி, நான் காலேஜுக்கு ஓரிகன் போயிடுவேன், இனிமே அவங்க தனியாத்தான் வருவாங்கன்னு சொன்னா. அதுக்கென்ன, நான் பாத்துக்கறேன்னேன். பாத்துக்கறது இல்ல, நீ என்னைப் பத்திக் கேக்கணும், வரும்போதெல்லாம் கேக்கணும்னா.

—அவ சொன்னாளா அப்படி?

—அவதான் சொன்னா மேடம். அப்பா வீட்டுல வாயைத் திறக்க மாட்டார், அம்மா யார்கிட்டயும் சொல்லாம உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டுப் புழுங்குவா. நீ கேட்டேன்னா அம்மா பேசிடுவா, அம்மா பேசினா அப்பாவும் பேசிடுவார், இது எங்க அம்மா அப்பாவுக்குத் தேவைன்னா. பதினெட்டு வயசுப் பொண்ணு பேசற பேச்சா அது? எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சரி தாயே, எத்தனை நாளைக்குக் கேக்கணும்னேன்.

—என்ன சொன்னா?

—நான் வந்து போதும்னு சொல்ற வரைக்கும்னா. அதனாலதான் விடாம கேட்டுக்கிட்டே இருக்கேன். என் லீவு நாள்ல நீங்க வந்துட்டா யாரு கேப்பாங்கன்னு, புக்கிங்ல உங்க பேரைப் பாத்துட்டு ஷிஃப்டை மாத்தி வாங்கி வந்திருக்கேன். இப்ப அவளே அம்மா ஆயிட்டா. வரச் சொல்லுங்க மேடம், அந்தக் குட்டியையும் தூக்கிட்டு. என் வேலை முடிஞ்சுதுன்னு அவ வாயாலயே சொல்லட்டும். எப்ப கூட்டிட்டு வர்றீங்க?

—உக்காரு அரசெலி.

—மெம்பர் டேபிள்ல நாங்க உக்காரக் கூடாது மேடம், மேனேஜர் பாத்தா அவ்வளவுதான்.

—பாக்கட்டும். இது மாரென் உக்கார்ற நாற்காலி. உக்காரு.

—என்ன மேடம், நாற்காலியை இழுத்தே போட்டுட்டீங்க? சார், என்ன ஆச்சு? குழந்தைக்கு ஏதாவது...

—பெவ், நீ சொல்ல வேண்டாம். நான்...

—இல்ல வெண்டல். அவ என்னைப் பேச வைக்கத்தானே கேக்கச் சொன்னா. நான் பேசறேன். அரசெலி, அந்தப் படத்துல இருக்கறது மாரென்தான். பேத்தின்னு யாரும் இல்ல. கல்யாணம் இல்ல, மிருக டாக்டரும் இல்ல.

—எனக்குப் புரியலை மேடம்.

—மாரென் செத்துப்போயிட்டா.

—இயேசுவே. எப்போ?

—பதினோரு வருஷம் ஆச்சு அரசெலி. உங்ககிட்ட அவ பேசினாளே, அதே கோடையிலதான். நாங்க உங்களுக்குப் பண்ணினது பெரிய...

—இரு வெண்டல். பதினோரு வருஷம் நம்ம வீட்டுல. இங்க அவ இப்பத்தான் போனா.