எழுத்து வெளியே, ஈரம் உள்ளே

“சுமெர்சே, இந்த வயித்த மூடாதீங்க.”

மருத்துவரிடம் செவிலி இப்படிச் சொல்லவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எச்சரித்திருந்தும் சொல்லிவிட்ட சீமாட்டியே, சீழுக்கும் சாவுக்கும் சிம்மசொப்பனமே, இந்தப் பொகோதா நகரில் பேராசிரியரையும் பெருக்குபவரையும் ஒரே ‘சுமெர்சே’யால் மரியாதையாய் அழைத்த பெருந்தகையே, தோன்யா ஓதிலியா அவர்களே, அறுவை அரங்கத்தாரின் அன்பு வணக்கம்.

முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் வந்தபோது, குடல் வெடித்து வயிறெங்கும் சீழ் பரவினால் ஒரே வழிதான்: கீறு, கழுவு, குழாய் வை, இறுக்கித் தை, காத்திரு. வீங்கிய குடலை உள்ளே திணித்துத் தைத்ததால் மூச்சு முட்டியும் சிறுநீர் நின்றும் போனவர்களைக் ‘கடவுள் சித்தம்’ என்றார்கள். உங்களுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. வயிற்றைத் திறந்தே விட்டு, நரம்பில் ஏற்றும் உப்புநீரின் காலிப் பிளாஸ்டிக் பையை விரித்து மேலே தைக்கும் முறை அப்போது ஊரில் பேச்சாக இருந்தது. எங்கள் அரங்கில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

அன்று மேசையில் யாமிலே. பத்தொன்பது வயது, பூப்பண்ணையில் ரோஜா நறுக்குபவர். மூன்றாம் முறையாகக் கீறிய வயிறு. டாக்டர் அர்பெலாயெஸ் ஊசியை எடுத்தார். நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

“ஓ, இன்னிக்கு டாக்டர் ஓதிலியாவா? அப்ப நான் போய் காபி போடட்டுமா?”

“போடுங்க, சர்க்கரை வேணாம். ஆனா இப்பத் தைச்சீங்கன்னா, நாளைக்குப் பிரிக்கிறதுக்கு இவ இருக்க மாட்டா.”

“வெளிய போ.”

அவரிடம் பேசுமுன்பே நீங்கள் ஓர் உப்புநீர்ப் பையை மூன்று பக்கமும் வெட்டி விரித்து வைத்திருந்தீர்கள். அச்சிட்ட எழுத்து மேலே தெரிய அதை அவர் தட்டில் வைத்தீர்கள். “எழுத்து வெளிய, ஈரம் உள்ள. மாத்தித் தைச்சிராதீங்க, சுமெர்சே.” போய்விட்டீர்கள்.

அவர் வயிற்றை மூடாமல் பையையே தைத்தார். கண்ணாடிபோல் குடல் தெரிந்த அந்தப் பையை நாள்தோறும் பிரித்துக் கழுவினீர்கள். பன்னிரண்டாம் நாள் வீக்கம் வடிந்த வயிறு தையலுக்கு இணங்கி மூடியது. அறுவைக் குறிப்பில் உங்கள் பெயர் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

இன்று சீழை உறிஞ்சும் இயந்திரம் வந்துவிட்டது. அது பழுதானால் இன்றும் உங்கள் கத்தரியைத்தான் தேடுகிறோம்.

ஓய்வு வயது வந்தும் இன்னும் ஓராண்டு இருக்கச் சொன்னது நிர்வாகம். “எப்ப மூடக் கூடாதுன்னு தெரிஞ்சவளுக்கு, எப்ப மூடணும்னும் தெரியும்” என்று அலமாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். போகும் இடமெல்லாம் நலமாக, நெடுநாள், யார் உத்தரவும் கேட்காமல் வாழுங்கள்.

அறுவை அரங்கத்தார் சார்பில்,
செவிலி லெய்தி குபியோஸ்,
யாமிலேயின் மகள்