மேலேர்ந்து ஒரே வார்த்தை

கீழே: இல்லைங்க, தண்ணித் தொட்டியைப் பத்திக் கேக்கலை. தொட்டி நல்லாத்தான் ஏறுது. நான் கேட்டது வேற.

மேலே: ஓகே.

கீழே: ஓகேன்னா? கேட்டதுக்குச் சம்மதம்கிற ஓகேவா, காதுல விழுந்துச்சுங்கிற ஓகேவா?

மேலே: ஓகே.

கீழே: பாத்தீங்களா! கழுத்து சுளுக்கிக்கிற மாதிரி அண்ணாந்து நின்னு, வாக்கி டாக்கியில, "என்னைக் கட்டிக்கிறீங்களா"ன்னு ஒருத்தன் கேக்கிறான். நீங்க கிரேன்ல உக்காந்துக்கிட்டு, கயித்தை இழுக்கட்டுமான்னு கேட்ட மாதிரி...

மேலே: ...ஓகே.

கீழே: இப்ப கொஞ்சம் யோசிச்சீங்க. என்ன யோசனை?

மேலே: ஓகே, ஓகே.

கீழே: ரெண்டு தடவை! எங்க அக்கா வீட்டுக்காரர் ரெண்டு தடவை சொன்னா, வாயை மூடிட்டு சோத்தைப் போடுன்னு அர்த்தம். ஆங்... கொஞ்சம் வலது பக்கம் திருப்புங்க. மெதுவா... மெதுவா... அங்கயே நிறுத்துங்க.

மேலே: ஓகே.

கீழே: இது சுத்தமான வேலை ஓகே. இதுல எனக்குச் சந்தேகமே இல்லை. மத்ததுலதான் கலப்படம். எல்லாம் அந்தப் பாழாப்போன ரூல்! போன மாசம் கிரேன்ல தொங்கின கம்பிக் கட்டு ஊஞ்சல் ஆடினதுலேர்ந்து, மேலேர்ந்து ஓகேயைத் தவிர ஒரு வார்த்தை வரக்கூடாது, வேணாம்னா ஹாரன் அடின்னு போட்டுட்டாரு ஆபீசர். அதுக்கு முன்னாடி எப்படிப் பேசுவீங்க!

மேலே: ஓகே...

கீழே: பெருமூச்சு விடாதீங்க, எனக்கும் வருது. விஷயத்துக்கு வரேன். நாளைக்கி கிரேனைக் கழட்டுறாங்க. நீங்க எந்த ஊரு சைட்டுக்குப் போவீங்களோ. கீழ இறங்கினா கேட்டுலயே உங்க அண்ணன் பைக்கை முறுக்கிக்கிட்டு நிக்கிறாரு. எங்கம்மா சாயங்காலம் இன்னொரு பொண்ணு வீட்டுக்கு வாக்குக் குடுக்கப் போறாங்க. இந்தத் தொட்டி மொட்டைமாடில உக்கார்றதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்.

மேலே: ஓ... கே.

கீழே: ஐயோ, பரிதாபப்படாதீங்க! ஒண்ணு பண்ணுங்க. என்னைப் பிடிக்கலைன்னா ஹாரன் அடிங்க. பிடிச்சிருந்தா பேசாம இருங்க. சுலபம்தானே? நான் கண்ணை மூடிக்கிறேன்.

மேலே: பாம்ம்ம்! பாம்ம்ம்! பாம்ம்ம்!

கீழே: ...ஒண்ணு போதாதாங்க?

மேலே: பாம்ம்ம்ம்ம்!

கீழே: புரிஞ்சிடுச்சுங்க! செத்த பாம்பை எத்தனை தடவைதான் அடிப்பீங்க?

ஆபீசர்: யோவ்! ஹாரன் உனக்கில்லய்யா, எனக்கு! கண்ணைத் திற!

கீழே: சார்? நீங்க எப்ப லைன்ல வந்தீங்க?

ஆபீசர்: நீ கழுத்துச் சுளுக்குனதுலேர்ந்து இருக்கேன். காரை எடுக்கலாம்னு வந்தா, அதுக்கு நேர் மேல தொட்டியை நிறுத்தி வச்சிட்டு நீ கண்ணை மூடிக்கிட்டு நிக்கிற!

கீழே: இங்க வண்டி நிறுத்தாதேன்னு போர்டு வச்சதே நீங்கதானே சார்?

ஆபீசர்: அந்தப் போர்டு நிழல்லதான் நிறுத்தினேன்! யம்மா, அப்படியே அசையாமப் பிடிச்சுக்கோ. சீட்டு மேல பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் பிரிக்கலை.

மேலே: ஓகே.

ஆபீசர்: எவ்வளவு அடக்கமான பொண்ணு பாரு.

கீழே: அப்போ ஹாரன் எனக்கில்லையா... அப்பாடா! சார், நீங்க அனுபவஸ்தர். இதுவரைக்கும் சொன்ன ஓகேயெல்லாம் எந்த வகை?

ஆபீசர்: என்கிட்ட ஏன்யா கேக்கிற? எங்க வீட்டம்மா ஓகேன்னா, செஞ்சுதான் பாரேன்னு அர்த்தம். என் பையன் ஓகேன்னா, அவன் காதுலயே வாங்கலை. எங்க பெரியவர் ஃபைல்ல ஓகே போட்டா, நாளைக்கி வம்பு வந்தா அவர் அதைப் பாத்ததே இல்லை. டாக்டர் ஓகேன்னா, எந்திரிச்சுப் போய்யா, அடுத்த ஆள் வரட்டும்...

கீழே: சம்மதம்னு எங்கயுமே இல்லையா சார்?

ஆபீசர்: இருக்கும்யா. எனக்குத்தான் இன்னும் வாய்க்கலை.

கீழே: அப்போ ரூலைக் கொஞ்ச நேரம் எடுங்க சார். ஒரே ஒரு வார்த்தை வாயைத் திறந்து பேசட்டும்.

ஆபீசர்: அது... என்னால முடியாதுய்யா.

கீழே: ரூல் போட்டவரே நீங்கதானே?

ஆபீசர்: போட்டது நான்தான்... ஆனா... யம்மா, இவன்கிட்ட சொல்லிடவா?

மேலே: பாம்ம்ம்!

ஆபீசர்: சரி சரி, சொல்லலை.

கீழே: சொல்லவே வேணாம் சார், எனக்கே தெரியும். கம்பிக் கட்டு ஆடினதுக்கு நான்தான் காரணம்னு கோவம். அன்னைக்கி வேலையைப் பாக்காம பூனைக் கதை சொல்லிக்கிட்டிருந்தேன்.

ஆபீசர்: எந்தப் பூனை?

கீழே: நம்ம மேஸ்திரியோட பூனை சார். சிமெண்டு மூட்டை மேல சுருண்டு தூங்கிச்சு. கண்ணாடியை மறந்துட்டு வந்த மனுஷன், தொப்பின்னு நெனச்சு எடுத்துத் தலையில...

மேலே: ஓ... ஓக்... ஓக்...

கீழே: சார், அழுறாங்க!

ஆபீசர்: யோவ், தொட்டி ஆடுது! பூனையைக் கீழ விடுய்யா!

கீழே: அதைத்தான் சார் மேஸ்திரியும் சொன்னாரு. அது விடலை. வாலால அவர் மூக்கைப் பொத்திடுச்சு, அவரு அப்படியே எஞ்சினியருக்கு வணக்கம் வச்சு...

ஆபீசர்: ஐயோ, என் காரு! யம்மா! கெட்டியாப் பிடி!

கீழே: மன்னிச்சிடுங்க மேடம். இனிமே வாயே திறக்கமாட்டேன். சாயங்காலம் அம்மா குடுக்கிற வாக்கைக் குடுக்கட்டும். எனக்கு வேண்டியதுதான்.

மேலே: சரி! சரிங்க, சரி, சரி! அம்மாவை வாக்குக் குடுக்க வேணாம்னு சொல்லுங்க. எங்க அண்ணன்கிட்ட நானே பேசிக்கிறேன். கோவமும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஓகே மட்டும்தான்னு ரூல் போடச் சொல்லி சார் கால்ல விழுந்ததே நான்தாங்க. நீங்க பேசினா எனக்குச் சிரிப்பு வருது, சிரிச்சா கை ஆடுது. நான் பதில் பேசலைன்னா நிறுத்திடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா வெறும் ஓகேகிட்டயே ஒரு மாசமாக் குடும்பம் நடத்துறீங்க... சார், காரை எடுத்துடுங்க சார். நான் இன்னும் சிரிச்சு முடிக்கலை.