சட்டம் போட்ட நேர்கோடு

இஸ்திரி போடாத கைக்குட்டையை நான் பையில் வைப்பதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. கோணல்மாணல் எனக்கு ஆகாது.

எண்பத்து மூன்றாம் ஆண்டில், ஆயர் தாவார் ஊர்ப் பக்கத்து ரப்பர் ஆலைக்கு ஈப்போ சிலிபினில் உள்ள எங்கள் பட்டறையிலிருந்து ஒரு சென்சார் போனது. மோட்டார் கம்பியைச் சுற்றி ஓர் இரும்பு வளையம், அவ்வளவுதான். கம்பியில் ஓடும் மின்சாரத்தைக் காந்தத்தால் உணர்ந்து முள்ளில் காட்டும். முள் எண்பதைத் தொட்டால் மோட்டார் தானே அணைந்துவிடும். ரப்பரை அழுத்தித் தகடாக்கும் உருளைகளுக்கு இடையே உறைந்த கட்டிப்பால் சிக்கும்போது ஆட்களுக்கு அதுதான் காவல்.

அனுப்புமுன் அளந்து சான்று கொடுப்பது என் வேலை. அளந்து பார்த்தேன். அறுபது ஆம்பியர் வரை ஒழுங்கு. அதற்குமேல் வளையம் திணறியது. நூறு கொடுத்தால் எழுபது என்றது, நூற்றைம்பதுக்கு எழுபத்தைந்து; எண்பதைத் தொடவே இல்லை. படிப்படியாக அளந்து திருத்த அட்டவணை போட அரை நாள் போதும். ஆனால் வரைபடம் கூன் விழுந்து நிற்கும். மறுநாள் பட்டறையைப் பார்வையிட டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வருவதாக இருந்தது. அறுபதுக்கு மேல் அளந்த தாளைக் கிழித்துவிட்டு, மிச்சக் கோட்டை அடிக்கோலால் நேராக இழுத்தேன்.

டத்தோ படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சினார். பட்டறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

பிறகு ஆலைக்குப் போனபோது உருளை ஓட்டும் சன்னாசி என்னை நிறுத்தினான்.

"அண்ணே, மோட்டாரு கொதிக்குது. ஒங்க முள்ளு எழுபதுலயே குந்தியிருக்கு. அதுக்கென்ன, கவர்மென்டு வேலையா லா?"

பக்கத்தில் பால் வாளி கழுவிக்கொண்டிருந்த செல்லாயி சிரித்துவிட்டாள்.

"சர்ட்டிபிகேட் சுவத்துல தொங்குதுடா. போய்ப் பாத்துட்டு வந்து பேசு" என்றேன்.

அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். திருத்தினால் சுவரிலிருந்து படத்தை இறக்க வேண்டும்.

அதிலிருந்து எட்டாம் நாள் கட்டிப்பால் சிக்கி உருளைகள் நின்றன. ஆலையில் வழக்கம் ஒன்றுதான்: உருளை நின்றால் மோட்டார் அணைந்துவிட்டது என்று அர்த்தம், கையை விட்டுப் பிடுங்கலாம். சன்னாசி கையை விட்டான். மோட்டார் அணையவில்லை. முக்கிக்கொண்டு நின்றது. கட்டி நழுவியதும் உருளைகள் சுழன்று அவனைத் தோள்வரை இழுத்துக்கொண்டன. ஈப்போ ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. ஆனால் நீங்கள் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். கவனமில்லாமல் நான் ஒரு வேலையும் செய்ததில்லை.